அடிக்காமல் விட்ட மரக்கால் பத்தி

திருத்துறைப்பூண்டியில் தட்டச்சு நிலையம் நடத்திய காலத்தில், அடித்த ஒவ்வொரு விண்ணப்பத்தையும் கிழமை, நேரத்தோடு டைரியில் குறித்து வைப்பேன். எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம், செவ்வாய்க்கிழமை, மாலை நாலேகால் மணி என்றிருக்கும் குறிப்பைப் புரட்ட இன்றும் கை தயங்குகிறது.

அன்று வந்தவர் செந்தாமரை. விவசாயக் கூலிக் குடும்பம். அவர்கள் தெருவில் முதல் பட்டதாரி. சென்னைக் கல்லூரி ஒன்றின் எம்பிஏ விண்ணப்பத்தைக் கொண்டுவந்திருந்தார். வீட்டில் ஒரு வருடம்தான் தவணை கொடுத்திருந்தார்கள். இடம் கிடைக்காவிட்டால் கல்யாணம்.

‘நீங்கள் தலைமையேற்று முடித்த ஒரு காரியம்’ என்ற கேள்விக்கு ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தார். அறுவடைக் கூலி நெல்லை மிராசுதார் தன் பழைய மரக்காலால் அளந்திருக்கிறார். அளவு குறைகிறது என்று பெண்கள் கருக்கரிவாளைக் கீழே போட்டுவிட்டார்கள். ஐந்தாம் நாள் தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை. செந்தாமரை முத்திரை போட்ட லிட்டர் படியோடு போய், அந்த மரக்கால் நெல்லைத் தாசில்தார் மேஜைமேல் கொட்டி, மறுபடி அளந்து குறைவைக் காட்டியிருக்கிறார். இரண்டு தரப்பும் கையெழுத்திட்டன. மறுநாள் அறுவடை நடந்தது.

“ஏம்மா, இது எம்பிஏ அப்ளிகேஷனா, சங்கத்து நோட்டீஸா?”

“நடந்தது இதுதான் சார்.”

“நடந்ததையெல்லாம் எழுதுவாங்களா? ஸ்ட்ரைக்குன்னு பார்த்தாலே நக்சலைட்டும்பான். போலீஸ் விசாரிக்க வந்தா உங்கப்பாவுக்குத்தானே கஷ்டம்?”

“எங்கப்பாவுக்கு ஸ்டேஷன் பெஞ்சுல தனி எடமே இருக்கு சார்” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் அப்போது ஸ்ட்ரைக் என்றால் லாரியில் போலீஸ், எரிந்த குடிசை, கோர்ட்டு வாய்தா. அந்தப் பத்தியை அடிக்காமல் விட்டேன். எல்லார் விண்ணப்பத்திலும் போடும் வரியைப் போட்டேன்: கிராமத்தில் சமூக சேவை செய்துள்ளேன்.

“இப்பதான் ஸ்ட்ராங்கா இருக்கு. கையெழுத்துப் போடும்மா.”

படித்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

பங்குனியில் நேர்முகத் தேர்வு. போய் வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு என் நிலையத்துக்கு வந்து நின்றுகொண்டே சொன்னார்.

“சமூக சேவைன்னா என்ன செஞ்சீங்கன்னு கேட்டாங்க சார். எனக்குப் பொய் வரலை. மரக்கால் சங்கதியைச் சொன்னேன். மூணு பேரும் பேனாவைக் கீழ வெச்சுட்டுக் கேட்டாங்க.”

“அப்புறம்?”

“‘இதை ஏம்மா எழுதலை’ன்னார் நடுவுல இருந்தவர். டைப் அடிக்கிற சார் வேணாம்னாருன்னேன். ‘நாளைக்கு முதலாளி வேணாம்னா அளவையும் மாத்திடுவீங்களா’ன்னு கேட்டார். அதோட அனுப்பிட்டாங்க சார்.”

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். “வரேங்க சார்” என்று மட்டும் சொல்லிப் போனார். சித்திரையில் இடமில்லை என்று கடிதம் வந்தது. ஆவணியில் கல்யாணம்.

அதன்பின் யார் எழுதியதிலும் நான் கை வைத்ததில்லை. விண்ணப்பம் எழுதும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: நீங்கள் செய்ததை நீங்களே எழுதுங்கள், அடித்துக் கொடுப்பவன் பயந்தால் வேறு கடைக்குப் போங்கள்.

அந்தத் தெருவிலிருந்து எம்பிஏ விண்ணப்பம் அடிக்க, நான் நிலையத்தை மூடும்வரை வேறு யாரும் வரவில்லை.