அத்தானின் டெரிட்டரி

என் அக்காவின் கணவர் மருந்துக் கம்பெனி ரெப். இருதய மாத்திரை விற்பவர். ஏழு ஊர்கள் அவர் பொறுப்பு. அதை அவர் 'என் டெரிட்டரி' என்று சொல்லும்போது கேட்க வேண்டும், ஏதோ முப்பாட்டன் வாளெடுத்துப் பிடித்த நாடு மாதிரி. எந்த டாக்டர் எப்போது சிடுசிடுப்பார், எந்த கிளினிக் பெஞ்சில் ஆணி துருத்தியிருக்கும், எல்லாம் அத்துப்படி. எனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் பொறாமையும் வரும்.

வீட்டிலும் அந்தச் சொல் நன்றாக அடிபட்டது. சமையலறை வாசலில் அவர் தலை தெரிந்தாலே அக்கா கரண்டியை நீட்டுவாள்.

"இது என் டெரிட்டரி. உள்ள கால் வச்சீங்க, அவ்வளவுதான்!"

தெருநாய் துரத்தினால்கூட அத்தான் கோபப்பட மாட்டார். "அதோட டெரிட்டரி மச்சான், நாமதான் ஒதுங்கிப் போகணும்" என்பார்.

போன வருஷம் புது மேனேஜர் வந்தார். ஏழு ஊர் மூன்றானது, பிறகு ஒன்று. ஐம்பத்தாறு வயதில் அந்த ஒற்றை ஊரையாவது காப்பாற்றிக்கொள்ள அத்தான் படாத பாடு பட்டார். அதையும் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் நெஞ்சுவலியை வாயுத்தொல்லை என்று சொல்லி மறைத்தார். இருதய மாத்திரை விற்றவர் செய்த வேலையைப் பாருங்கள்! நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ஊர் கிளினிக் பெஞ்சிலேயே ஒருநாள் பையோடு சாய்ந்தார். நோயாளிகள் எல்லாரும் போன பிறகுதான் ரெப்பை உள்ளே விடுவார்கள். அன்றைக்கு அவரை எல்லாருக்கும் முந்தி உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். அதே வாரம் அவருடைய ஊர் வேறொருவர் கைக்குப் போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். "உங்களுக்குத் தெரியாததா சார்? இருதயத்துல ஒவ்வொரு ரத்தக்குழாய்க்கும் ஒரு டெரிட்டரி உண்டு, அது ரத்தம் கொடுக்கிற பகுதி. அடைச்ச குழாயோட டெரிட்டரி முழுக்கச் செத்துப்போச்சு. இனிமே அலைச்சல் கூடாது. மாடிப்படிகூட வேணாம்."

அத்தான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "திருப்பி வாங்கவே முடியாதா டாக்டர்?"

"முடியாது."

வீட்டுக்கு வந்த மறுநாள், கண்ணெதிரே இருக்கட்டும் என்று அக்கா சமையலறைக்குள் ஒரு நாற்காலி போட்டாள்.

"வந்து உட்காருங்க. இனி இதுவும் உங்க டெரிட்டரிதான்."

அவர் வாசலிலேயே நின்றார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, டாக்டர்களின் அறை வாசலில் கேட்கிற அதே குரலில் கேட்டார்:

"உள்ள வரலாமா?"