கண்ணையன் முதுகில் போட்ட பொடி

செலியமேட்டுக் கண்ணையன் மருந்துப் பொடி கலக்காமல் ஒரு பிடி விதைநெல்லைக்கூட நாற்றங்காலில் தூவியவரில்லை. கிலோவுக்கு இரண்டு கிராம். யார் வந்து சொன்னாலும் அந்தக் கணக்கு மாறாது. அதனால், தன் முதுகெலும்பில் நான்கு ஸ்க்ரூ வைத்துத் தைப்பதற்கு முன்னால், கிருமி அண்டாமல் இருக்கக் காயத்துக்குள்ளேயே ஆன்டிபயாடிக் பொடி தூவியதாக டாக்டர் சொன்னதும், அந்த மனிதர்மேல் அவருக்கு அபார மரியாதை வந்துவிட்டது.

“கிலோவுக்கு எத்தினி கிராம் சார்?”

டாக்டர் சிரித்துவிட்டார். “பொடி போட்டாச்சுன்னு அசால்ட்டா இருக்காதீங்க. கட்டு நனையக் கூடாது, யாரும் கை வைக்கக் கூடாது, நீங்க குனியக் கூடாது. சீழ் வெச்சா மறுபடி கிழிக்கணும்.”

கடைசி வாக்கியத்தைக் கண்ணையன் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அவருடைய அப்பா காலில் பட்ட காயம் சீழ் வைத்துத்தான் செத்துப்போனார்.

வீடு திரும்பிய மூன்றாம் நாள், வில்லியனூரிலிருந்து அக்கா அமிர்தம் கோயில் திருநீறோடு வந்து இறங்கினாள். அப்பா போனபின் தம்பியை வளர்த்தவள். காய்ச்சலோ கட்டியோ, எங்கே நோவோ அங்கே திருநீறு பூசிவிடுவாள். ஐம்பத்தெட்டு வயதுவரை கண்ணையன் ஒரு தடவைகூட மறுத்ததில்லை.

“திரும்புடா, முதுகுல பூசணும்.”

“வேணாங்கா. உள்ளயே பொடி போட்டுத் தச்சிருக்காங்க.”

“ஆஸ்பத்திரி பொடிதான் ஒசத்தியா? சாமி பொடி உனுக்கு இன்னா பண்ணுச்சு?”

மத்தியானம் ஒருக்களித்துத் தூங்கி எழுந்தால், படுக்கையெல்லாம் வெள்ளை. முதுகுக்குக் கையும் எட்டாது, கண்ணும் எட்டாது. கண்ணையன் அலறினார். மனைவி தையலம்மாள் ஓடிவந்து, “கட்டு மேலதாங்க பூசியிருக்குது” என்று சத்தியம் செய்தும் நம்பவில்லை. ஆட்டோ வந்தது. அமிர்தமும் ஏறிக்கொண்டாள்.

டாக்டர் கட்டைப் பிரித்தார். திருநீறு மேலேயே நின்றிருந்தது. காயம் காய்ந்து சுத்தமாக இருந்தது. “இனிமே நெத்தியில மட்டும் பூசுங்கம்மா” என்றார்.

அமிர்தம் அங்கேயே அழுதுவிட்டாள். “அன்னிக்கு நான் துண்ணூறு வாங்கியாறதுக்குள்ள அப்பா போயிட்டாருடா. அதான்...”

பழக்கதோஷத்தில் நெற்றியைக் காட்டக் குனியப் போன கண்ணையன், டாக்டர் முறைத்ததும் விறைத்து நின்றார். அவர் ஆறடி, அக்காவுக்கு அவர் தோள்கூட எட்டாது. நர்ஸ் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அமிர்தம் புடவையைச் செருகிக்கொண்டு ஏறி, முந்தானையில் முடிந்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, கை நிறைய அள்ளினாள்.

“கிலோவுக்கு ரெண்டு கிராம் போதுங்கா” என்று கண்ணையன் கண்ணை மூடிக்கொண்டார்.