ஒரே மூலை உடைந்த பிஸ்கட்டுகள்

எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில், எங்கள் கிள்ளான் வீட்டில் முழு பிஸ்கட் சாப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை. சின்னம்மா பிஸ்கட் ஆலையில் வேலை செய்தார். விற்க முடியாத உடைசல்களை வேலையாட்கள் பையில் அள்ளி வரலாம். அந்தப் பையைத் திறந்ததும் வரும் வெண்ணெய் வாசனைக்கு இன்றும் மனம் ஏங்குகிறது. வகுப்பில் எனக்கிருந்த மரியாதையும் அந்தப் பையால் வந்ததுதான்.

ஒரு திங்கட்கிழமை பை வழக்கத்தைவிடப் புடைத்திருந்தது. சதுர பிஸ்கட்டுகளை மேசையில் வரிசையாக அடுக்கி அழகு பார்த்தேன். தேநீரோடு வந்த சின்னம்மா அப்படியே நின்றுவிட்டார். எல்லாவற்றிலும் ஒரே மூலைதான் போயிருந்தது.

“பெல்ட்டு ஓரத்துத் தகடு நகர்ந்திருக்கு, அதுல போய் இடிக்குது. நாளைக்கு சூப்பர்வைசர்கிட்ட சொல்லணும்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தகட்டைச் சரிசெய்தால் பை வற்றிவிடுமே! வெள்ளிக்கிழமை என் பிறந்தநாள். வகுப்பு முழுவதற்கும் பிஸ்கட் தருவதாக வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தேன். சின்னம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். வீட்டில் என் அழுகைக்கு மசிபவர் அவர் ஒருவர்தான்.

“சரி லா, அழாதே. சின்ன விஷயந்தானே, வெள்ளிக்கிழமை சொல்றேன்.”

வியாழக்கிழமை, தகட்டில் சிக்கிய பிஸ்கட்டை எடுக்கப்போன, பண்டமாரானிலிருந்து வேலைக்கு வரும் அக்கா ஒருவரின் விரல் உள்ளே மாட்டிக்கொண்டது. அவர் சின்னம்மாவுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவர். சின்னம்மா ஓடிப்போய் மெஷினை நிறுத்தி, தகட்டைச் சூப்பர்வைசரிடம் காட்டினார்.

மறுநாள் என் பிறந்தநாள் ஜாம்ஜாமென்று நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா கட்டுப்போட்ட கையோடு வீட்டுக்கு வந்தார். விரல் நுனி போயிருந்தது. அம்மாவிடம் சொன்னார்:

“ஒங்க தங்கச்சிக்குக் கண்ணு ரொம்ப ஷார்ப்பு லா. ஒரே நிமிஷத்துல கோளாறு எங்கன்னு கண்டுபிடிச்சிட்டா.”

சின்னம்மா அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தேம்பினார். பெருமையில் அழுகிறார் என்று நினைத்து, நானும் என் பங்குக்குப் புகழ்ந்தேன்.

“சின்னம்மா திங்கக்கிழமையே கண்டுபிடிச்சிட்டாங்க அக்கா!”

யாரும் சிரிக்கவில்லை. அக்கா கையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“திங்கக்கிழமையேவா? ஏன் சொல்லல?”

சின்னம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “மறந்துட்டேங்கா” என்றார்.

வெள்ளிக்கிழமை சொல்வதாக என்னிடம் எவ்வளவு தெளிவாகச் சொன்னார்! அதைக்கூடவா மறந்துவிட்டார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.