பாக்கெட்டில் ஒரு பங்குதாரர் அட்டை

அந்த வட்டாரத்தில் அவளை எல்லோரும் மூட்டைப்பூச்சி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பூச்சி மருந்து டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு தனியாகவே வேலைக்குப் போவாள். போனதும் மருந்தைத் தொடமாட்டாள். சமையலறைச் சாமான் முழுக்க வெளியே போக வேண்டும், பால் புட்டி, மீன் தொட்டி உட்பட.

"பூச்சியை விரட்டச் சொன்னா எங்களையே விரட்டறீங்களேக்கா" என்பார்கள். சிரிப்பாள். ஆனால் ஒரு டம்ளர் உள்ளே இருந்தாலும் பம்பை அழுத்தமாட்டாள்.

பெரிய குடியிருப்பு ஒன்றில் வருடம் முழுக்க வேலை தருவதாகச் சொன்னார்கள். பதிவு செய்த தொழிலாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆடிட்டரிடம் போனாள்.

"உங்க பேர்லயே நடத்தலாம்மா. செலவு கம்மி. ஆனா தொழில்ல ஏதாவது ஆச்சுன்னா உங்க வீடு வரைக்கும் கை நீளும். ஒரே ஆள் கம்பெனின்னு ஒண்ணு இருக்கு. சட்டத்துக்கு அது வேற ஆள் மாதிரி. விழற அடி பெரும்பாலும் அதோட நின்னுடும்."

"வேற வழி இருக்கா சார்?"

"கூட்டு வியாபாரம். நீங்க ஒண்டி ஆளு, உங்களுக்கு எதுக்கு அது?"

வீடு என்ற சொல்லே அவளுக்குப் போதுமாக இருந்தது. அம்மா விட்டுப்போன இரண்டு அறை. வேறு சொத்து கிடையாது. கம்பெனிதான் என்று தீர்மானித்துக்கொண்டு திரும்பினாள்.

வேலை பார்த்த தொழிற்சாலை மூடியதிலிருந்து கணவர் வீட்டில்தான் இருந்தார். அன்று அவருடைய தங்கையும் வந்திருந்தாள்.

"ஒரே ஆள் கம்பெனியா அண்ணி? அப்ப எங்கண்ணன் யாரு, வாட்ச்மேனா?"

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாளும் அதே. கடைசியில் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "நாலு பேர் என்ன பண்றீங்கன்னு கேட்டா நான் எதைக் காட்டறது? பங்குதாரர்னு ஒரு அட்டையாவது இருக்கட்டுமே."

கூட்டு வியாபாரமாகவே பதிவு செய்தாள். "ஒருத்தர் கையெழுத்து ரெண்டு பேரையும் கட்டும்மா, வீடு வரைக்கும்" என்று ஆடிட்டர் எச்சரித்தார். "அவர் எங்க சார் கையெழுத்துப் போடப் போறாரு? அட்டையைப் பாக்கெட்ல வெச்சுக்குவாரு, அவ்வளவுதான்" என்றாள். வாய் முகூர்த்தம் பலிக்கவில்லை.

முடிவெட்டும் கடை, டீக்கடை, துக்க வீடு என்று போன இடமெல்லாம் அவர் அட்டையை நீட்டினார். ஒரு பேக்கரி முதலாளி வாங்கிப் படித்துவிட்டு, கடையில் கரப்பான் தொல்லை என்றார். நஷ்டம் வந்தால் நாங்களே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் கணவர். அவள் குடியிருப்பில் வேலையாக இருந்தபோது, வீட்டில் கிடந்த இன்னொரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய், சரக்கறை முழுக்க அடித்துவிட்டு வந்தார்.

"மாவு மூட்டையை வெளிய எடுத்தீங்களா?"

"கட்டித்தானே வெச்சிருந்தாங்க."

"நான் எப்படி வேலை செய்வேன்னு ஒரு நாளாவது பார்த்திருக்கீங்களா?"

"நீ என்னைக்கு என்னைக் கூப்பிட்டே?"

உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து, மருந்து பட்ட சரக்கு மொத்தத்தையும் குப்பையில் கொட்டவைத்து, கடையைப் பூட்டினார்கள். பேக்கரிக்காரர் கோர்ட்டுக்குப் போனார். நஷ்டஈடு கட்ட அம்மாவின் வீடு கைமாறியது. நாத்தனார் அதன் பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

வாடகை வீட்டுக்குப் போன பிறகு, அவள் மறுபடி ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"கூட்டைக் கலைச்சாச்சு. இனிமே ஒரே ஆள் கம்பெனி போட்டுடலாம் சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க பேர்லயே நடத்துங்கம்மா. அந்தச் செலவு எதுக்கு? காப்பாத்தறதுக்குத்தான் இப்ப ஒண்ணும் இல்லையே."

கீழே கணவர் வண்டியோடு காத்திருந்தார்.

"என்ன போட்டே?"

"என் பேரு."

அவர் சட்டைப் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அட்டை இன்னும் அங்கேதான் இருந்தது. வண்டியைக் கிளப்பி, "ஏறு" என்றார்.

பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.