வலம்புரிச் சாப்பா

எங்கள் கல்லூரியில் கணக்குப் படிப்பவர்களும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கைவேலை கற்றாக வேண்டும். மர அச்சு செதுக்கித் துணியில் பதிக்கும் வகுப்பு எனக்கு வாய்த்தது. மற்ற பெண்கள் தாமரை, மயில் என்று அழகு பார்த்தார்கள். நான் வலம்புரிச் சங்கு செதுக்கினேன். அது எங்கள் ஊர் மிராசுதாரின் சாப்பா.

அறுவடையானதும் களத்தில் நெல்லை அம்பாரமாகக் குவித்து, யாரும் அள்ளாமலிருக்க, குழைத்த சாம்பலில் அந்த மரமுத்திரையைத் தோய்த்துச் சுற்றிலும் குத்திவைப்பார்கள். ஆட்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "சாப்பா கலையக் கூடாது." ஒருமுறை அப்பா காவலிருந்தபோது நாய் ஏறி ஓடி ஒரு சங்கு அழிந்துபோனது. மிராசுதார் ஊரைக் கூட்டி, அப்பாவின் தோள்துண்டை இடுப்பில் கட்டவைத்து, நெல் திருடன் என்றார். குத்தகை நிலத்தையும் பிடுங்கிக்கொண்டார். கோட்டையில் ஆட்சி மாறி உச்சவரம்புச் சட்டம் வந்திருந்த காலம் அது. அவர் நிலம் பினாமி பெயருக்குப் போனதே தவிர அவர் கையை விட்டுப் போகவில்லை. அப்பா கடைத்தெருப் பக்கம் தலைகாட்டுவதையே விட்டுவிட்டார்.

என் கட்டையைப் பார்த்த ஆசிரியை, "திருப்பிச் செதுக்கணும்மா. இல்லேன்னா துணியில இடம்புரியா விழும்" என்றார். தலையாட்டிவிட்டு அப்படியே வைத்துக்கொண்டேன். துணியில் எப்படி விழுந்தால் எனக்கென்ன? துணியிலிருந்து அடுத்த இடத்துக்குப் போகும்போது அது நேராகிவிடும்.

ஆண்டு விழாவுக்கு மிராசுதார்தான் தலைமை. நன்கொடையாளராயிற்றே! மேடை நாற்காலிகளுக்கு எங்கள் வகுப்புத் துணிதான் உறை. அவருடைய உறையை நானே கேட்டு வாங்கினேன். எண்ணெய் மை காய இரண்டு நாளாகும் என்று வகுப்பில் படித்திருந்தேன். கருநீலத் துணியில் கறுப்பு மையைத் தாராளமாகத் தடவி, விழாவன்று காலையில்தான் குத்தினேன்.

இரண்டு பேச்சுக்கள் முடியும்வரை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பரிசு கொடுக்க எழுந்து மேசைப் பக்கம் திரும்பினார். வெள்ளைச் சட்டை முதுகிலும் வேட்டியின் பின்புறத்திலும் வரிசையாகக் கறுப்பு வலம்புரிச் சங்குகள். பேருந்தில் வந்திருந்த எங்கள் ஊர்க்காரர்கள்தான் முதலில் சிரித்தார்கள். முதல்வர் பிறகு கூப்பிட்டு விசாரித்தபோது மை காயவில்லை என்று பவ்யமாகச் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் இனிக்கிறது.

ஊர் சிரித்த அந்த நேரம், நான் வற்புறுத்தி வரவழைத்திருந்த அப்பாவுக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் நின்றிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. மிராசுதாரைக் கண்டதும் பழக்கத்தில் இடுப்பில் கட்டிய துண்டை மெதுவாக அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒரு சாப்பாகூடக் கலையல பாரு" என்றார்.