ஒன்றரை ரிங்

எங்கள் வீட்டில் போன் அடித்தால் எடுக்கக் கூடாது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு பொங்கலுக்கு ஓடைப்பட்டியிலிருந்து சீர் கொண்டுவந்த என் தம்பி, அலமாரியில் அடித்த போனை உரிமையோடு எடுத்து "சொல்லுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டான். அவனுக்கு அன்றைக்கு என்னிடம் கிடைத்த வசவு கொஞ்சமில்லை. இன்றுவரை என் வீட்டில் போன் அடித்தால் அவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்கிறான்.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறவர். கம்பத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. விடிவதற்கு முன்பே எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலை ஏறுவார். கேரளத்துப் பக்கம் உள்ள ஏலத்தோட்டத்தில் அவர்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பவும் ஏற்றிக்கொண்டு இறங்குவார். காலையில் மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால். சாயங்காலம் மலையை விட்டு அடிவாரம் வந்ததும் ஒரு மிஸ்டு கால். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. முழுசாக அடித்தால் ஏதோ கெட்டது நடந்திருக்கிறது, எடு என்று அர்த்தம்.

இது கஞ்சத்தனத்தில் பிறந்த பழக்கம்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் மேலே போனதும் போன் அந்த மாநிலத்து டவரைப் பிடித்துக்கொள்ளும், வந்த அழைப்பை எடுத்தாலே காசு போகும். இப்போது அந்த ரோமிங் தொல்லை இல்லை. ஆனாலும் அவர் வைத்திருப்பது பட்டன் போன், போடுவது இருப்பதிலேயே சின்ன பிளான், அதில் பேசுவதற்கு அளந்துதான் கொடுக்கிறார்கள். ரீசார்ஜ் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் "அன்லிமிடெட் போடுங்கக்கா, நாளெல்லாம் பேசலாம்" என்பார். டவரே இல்லாத மலையில் நாளெல்லாம் யாரோடு பேசுவது, குரங்கோடா என்று கேட்டுவிட்டு வருவேன்.

மலைப்பாதையில் டவரின் லட்சணம் அப்படி. மேலே செக்போஸ்ட்டில் கிடைக்கும், கீழே அடிவாரத்தில் கிடைக்கும். நடுவில் ஒரே ஒரு வளைவில், அதுவும் என் வீட்டுக்காரர் வைத்திருக்கும் சிம்முக்கு மட்டும், ஏதோ போனால் போகிறது என்று கொஞ்சம் எட்டிப் பார்க்கும். தோட்டத்துக்குப் போகும் பெண்கள் எல்லாரிடமும் போன் இருக்கிறது, நல்ல போனாகவே இருக்கிறது. ஆனால் டவர் இல்லாத மலையில் அதெல்லாம் படம் பார்க்கத்தான் ஆகும். அதனால் சாயங்காலமானால் தெருவே என் போனைத்தான் நம்பியிருக்கும். வாசலில் கோலப்பொடி வாங்குகிறவள்கூட, "வந்திருச்சா மதினி?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். வந்துவிட்டது என்று சொன்னால் அவரவர் வீட்டில் உலை வைப்பார்கள்.

மிஸ்டு கால் என்றால் எல்லாரும் கொடுப்பது மாதிரி அல்ல இவர் கொடுப்பது. மற்றவர்கள் ஒரு முனகல் கேட்பதற்குள் கட் செய்துவிடுவார்கள். இவருக்கு டவர்மேல் நம்பிக்கை கிடையாது. ஒரு ரிங் முழுசாகப் போக விடுவார், இரண்டாவது ரிங் தொடங்கிப் பாதியில் இருக்கும்போது நிறுத்துவார். ஒன்றரை ரிங். கல்யாணமான புதிதிலிருந்து அதே அளவு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்ள அதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த ஐப்பசிச் சாயங்காலம் ஊரில் வெறும் தூறல். மலைப்பக்கம் மட்டும் கருப்பாக அடைத்துக்கொண்டிருந்தது. வழக்கமான நேரம் தாண்டியது, போன் அடிக்கவில்லை. மழையில் மெதுவாக வருவார் என்று வெங்காயம் உரித்தேன். உரித்து முடித்தும் அடிக்கவில்லை. எதிர்வீட்டு மதினி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். அவள் மகளும் அந்த ஜீப்பில்தான் போகிறாள்.

"இன்னும் வரலையாத்தா?"

"வரும் மதினி. மழையில்ல."

அடுத்து ஜீப் ஸ்டாண்டுப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணின் புருஷன். அந்தப் பெண் மலை ஏறத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. "மேல ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சாம். வண்டிகள அங்கனயே நிப்பாட்டிட்டாகளாம்" என்றார். எந்த இடத்தில் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அதன்பிறகு ஒவ்வொருவராக வந்து என் வீடு நிறைந்துவிட்டது.

வராதவர்கள் போன் செய்ய ஆரம்பித்தார்கள். அடித்தது, பாய்ந்து பார்த்தேன், அடுத்த தெரு. கட் செய்தேன். மறுபடி அடித்தது, பள்ளிக்கூடத்துத் தெரு. எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. அவருக்கு அந்த வளைவில் ஒரு நிமிஷம் டவர் கிடைத்து, அந்த நிமிஷத்தில் இவர்கள் என் லைனைப் பிடித்துக்கொண்டிருந்தால், மனுஷன் பிஸி என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாரே.

"ஒருத்தரும் எனக்குப் போன் போடக் கூடாதுன்னு எல்லாத்துக்கும் சொல்லுங்க! கேக்கணும்னா நடந்து வந்து கேக்கட்டும். கால் இருக்குல்ல!" என்று கத்தினேன். யாருக்கும் கோபம் வரவில்லை. இரண்டு பேர் மழையிலேயே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

நானாக அவருக்குப் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. என் பிளான் முடிந்து இரண்டு நாளாகியிருந்தது. எனக்கு உள்ளே வருவது வந்தால் போதும், நான் யாரைக் கூப்பிடப் போகிறேன் என்று ரீசார்ஜைத் தள்ளிப் போட்டிருந்தேன். மதினியின் போனை வாங்கி ஒரே ஒரு முறை போட்டேன். எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. அவர் மேலே இருந்தால், கிடைக்கவில்லை என்று சொல்லும் பெண் மலையாளத்தில் சொல்வாள். செக்போஸ்ட் தாண்டி இந்தப் பக்கம் இறங்கிவிட்டால் தமிழில் சொல்வாள். அவள் மலையாளத்தில் சொல்ல வேண்டும், அவர்கள் தோட்டத்திலேயே தங்கியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே காதில் வைத்தேன்.

"நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர்" என்று சுத்தமான தமிழில் தொடங்கினாள்.

போனை மதினியிடம் கொடுத்துவிட்டேன். "என்னத்தா சொல்லுது?" என்று கேட்டாள். இறங்கிவிட்டார்கள், நடு மலையில் இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. டவர் இல்லையாம் என்று மட்டும் சொன்னேன்.

என் போனைத் தரையில் நடுவில் வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மழை இப்போது ஊரிலும் பிடித்துக்கொண்டது. போன் அடிக்க வேண்டும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அடித்து, ஒன்றரையில் நிற்காமல் போய்விடக் கூடாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடித்தது. அவருடைய நம்பர்.

ஒரு ரிங். இரண்டாவது ரிங். பாதியில் நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. மூன்றாவதும் வந்தது. எத்தனை வருஷமாக எடுக்கக் கூடாது என்று பழகிய கை, எடுக்க வேண்டிய நேரத்தில் வரமாட்டேன் என்றது. மதினிதான் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். எடுத்தேன்.

"அத்தை..." என்றது ஒரு குரல். அவர் இல்லை. மதினியின் மகள். காற்றும் மழையுமாக இரைந்தது. "அத்தை, வண்டி... நாங்க எல்லாம் எறங்கி... கேக்குதா... மாமா..."

அதோடு அறுந்துவிட்டது.

"என் மகதானே? என் மக பேசுச்சுல்ல?" என்று மதினி என் கையைப் பிடித்தாள். ஆமாம் என்றேன். வண்டியை விட்டு எல்லாரும் இறங்கிவிட்டோம் என்று அவள் சொன்னதைச் சொன்னேன். அவள் தரையில் குப்புற விழுந்து கும்பிட்டாள். அந்தப் புதுப்பெண்ணின் புருஷன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வீடு முழுக்க மூச்சு விட்டது. மதினி என் மூத்த சகோதரி மாதிரி, என் பிரசவத்துக்கு என்னோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவள். ஆனால் அந்த நிமிஷம் அவள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து போய்விடு என்று சொல்லலாம் போல இருந்தது.

அவருடைய போனில் அவர் ஏன் பேசவில்லை? போனை யார் கையிலும் கொடுக்காத மனுஷன். சாப்பிடும்போதுகூடச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவர். பெண்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்றால் அவர் இறங்கவில்லையா? மாமா என்று எதைச் சொல்ல வந்தாள்? திரும்பக் கூப்பிடப் பச்சைப் பட்டனை அமுக்கினேன். உங்கள் சேவைக் காலம் முடிந்துவிட்டது, ரீசார்ஜ் செய்யவும் என்றாள் வேறொருத்தி. அவளுக்கு நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

மதினிக்கு அப்போதுதான் என் முகம் புரிந்தது. கும்பிட்ட கையை இறக்கிவிட்டாள். "அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாதுத்தா" என்றாள். மற்றவர்கள் தங்கள் போனில் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டார்கள். "வேணாம். அவுக போடுற நேரத்துல நம்ம போட்டா ரெண்டுமே போகாது" என்றேன். சொன்ன எனக்கே அது நியாயமாகப் பட்டது. உள்ளுக்குள் அவர் போடுவார் என்ற நம்பிக்கை கொஞ்சமும் இல்லை.

போன் சிணுங்கியது. எல்லாரும் குனிந்தோம். கால் இல்லை, மெசேஜ். உங்களுக்கு இன்று முதல் அளவில்லா அழைப்புகள், மகிழ்ச்சியாகப் பேசுங்கள் என்று இருந்தது. அந்தப் புதுப்பெண்ணின் புருஷன் மூலையில் உட்கார்ந்து தன் போனிலிருந்து எனக்கு ரீசார்ஜ் செய்திருக்கிறார். "திரும்பப் பேசணும்னா ஆகும்ல அக்கா" என்றார் பயந்துகொண்டே. மனசுக்குள் அவருக்கு நன்றி சொன்னேன். வாயில் வந்தது, "மெசேஜ் வரும்னு முன்னாடியே சொல்ல மாட்டீகளா? உசுரு போயி வந்திருச்சு!"

அவர் பதில் சொல்வதற்குள் மறுபடி அடித்தது. அதே நம்பர்.

மதினி கை நீட்டிப் பாய்ந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். வளையல் உடைகிற அளவுக்குப் பிடித்திருக்கிறேன், பிறகுதான் தெரிந்தது. ஒரு ரிங் முழுசாகப் போனது. இரண்டாவது தொடங்கியது. பாதியில் நின்றது.

"அய்யோ, கட்டாயிருச்சே! போடுத்தா, திரும்பப் போடு!" என்று மதினி அலறினாள்.

"கட்டாகல மதினி. அவுக கட் பண்ணிட்டாக."

"யாரு?"

"உங்க அண்ணன்தான். இது அவுக கை."

அந்தப் புதுப்பெண்ணின் புருஷன் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். "பேசவே இல்லையே அக்கா. எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அதுவரை வராத அழுகை. பிழைத்துக் கிடக்கிற புருஷனுக்காக ஒப்பாரி வைத்தவள் எங்கள் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு வண்டிகளை விட்ட பிறகு வந்து சேர்ந்தார்கள். நடந்தது இதுதான். மண் சரிந்து கிடந்த இடத்துக்கு முன்னால் ஜீப்பை நிறுத்தியதும் பின்சக்கரத்துக்கு அடியில் ரோட்டோரம் இடிந்துவிட்டது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பின்னால் பள்ளத்துக்குப் போய்விடும். மிதித்த கால் மிதித்தபடியே ஒவ்வொருவராக எல்லாரையும் இறக்கிவிட்டு, போனை மதினி மகளிடம் கொடுத்து வளைவுக்குப் போகச் சொல்லியிருக்கிறார். பிறகு பெண்கள் கல் உருட்டிவந்து சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அவர் இறங்கி, இறங்கிய கையோடு வளைவுக்கு நடந்திருக்கிறார்.

"அப்பவாச்சும் ஒரு வார்த்தை பேசக் கூடாதா?" என்று கேட்டேன்.

"பேசுனா அறுந்து போகுது புள்ள. அந்தப் புள்ள பாதி பேசி நீ பாதி கேட்டிருப்ப. அதான் நம்ம கணக்குலயே போட்டேன்" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

மறுநாள் காலை அவருக்கும் பெரிய பிளானாகப் போட வைத்தேன். இரண்டு பேருக்கும் அன்லிமிடெட். அடுத்த நாள் மலை ஏறினார். வழக்கமான நேரத்துக்குப் போன் அடித்தது. ஒரு ரிங், இரண்டு ரிங், மூன்று ரிங். நிற்கவே இல்லை. கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். கால் இடறி நிலைப்படியில் முட்டிக்கொண்டு எடுத்தேன்.

"என்னாச்சு? என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல புள்ள" என்றார். மேலே டவர் நன்றாகவே இருந்தது, சிரிப்புக்கூடத் தெளிவாகக் கேட்டது. "சும்மாதான். எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்னியே."

நெற்றி புடைத்திருந்தது. "இனிமே சும்மா முழுசா அடிச்சீகன்னா போனைக் கிணத்துல போட்டுருவேன். வச்சிட்டு, ஒழுங்கா அடிங்க!" என்று கத்தினேன்.

வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. எடுக்காமல் நின்று கேட்டேன். இரண்டாவது ரிங் பாதியில் நின்றதும், வாசலில் காத்திருந்த மதினியிடம் வந்துவிட்டது என்று சொன்னேன்.