கதவு சாத்தியிருந்த நேரம்

என் அண்ணை குருநகர்க் கடலில் மூழ்கிக் கடலட்டை எடுப்பவர். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டி, கழுத்துக்குக் கீழே எல்லாம் செயலிழந்துபோயிற்று. குரலும் மெலிந்துவிட்டது. சமையலறை முற்றத்துக்கு அப்பால் தனியாக இருந்ததால், அவர் கூப்பிடுவது அண்ணிக்குக் கேட்காது.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பிக்கிறேன். அகச்சிவப்பு ஒளியால் செய்தி அனுப்புவது என் பாடம். டிவி ரிமோட்டில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அதே ஒளிதான். அண்ணையின் கன்னத்தருகே ஒரு ஸ்விட்ச் பொருத்தினேன். அதை அழுத்தினால், கட்டிலில் பூட்டிய கருவியிலிருந்து ஒளி திறந்த கதவு வழியாக முற்றத்தைத் தாண்டிச் சமையலறை மணியை அடிக்கும்.

முதலில் எல்லாம் பொய் மணி. வெயிலிலும் அந்த ஒளி இருக்கிறது. முற்றத்து மரநிழல் அசைந்தாலே மணி அடித்தது. அண்ணி அடுப்பை விட்டுவிட்டு ஓடி வருவார்.

"நான் கூப்பிடேல்லை," என்பார் அண்ணை, பிழை செய்தவர் மாதிரி.

அதனால் எங்கள் ஒளியைப் படுவேகமாகத் துடிக்கவிட்டு, அந்தத் துடிப்பை மட்டும் ஏற்கும்படி மணியை மாற்றினேன். துடிப்புகளின் இடைவெளிகளில் ஒரு குறியீட்டை வைத்தேன். குறியீடு ஒருமுறையும் அதன் தலைகீழ் ஒருமுறையும் போகும்; இரண்டும் பொருந்தினால்தான் மணி அடிக்கும். அடித்ததும் சமையலறையிலிருந்து பதில் ஒளி திரும்பும். பதில் வராவிட்டால் கட்டிலில் இருந்த கருவி விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

பிறகு பொய் மணி இல்லை. அண்ணை நுளம்பு கடித்தாலும் கூப்பிட்டார், சும்மாவும் கூப்பிட்டார். அண்ணி அலுத்துக்கொண்டே வந்து பக்கத்தில் இருப்பார்.

மாரி தொடங்கியது. ஒரு மத்தியானம் தூவானம் கட்டிலில் அடித்ததால் அண்ணி கதவைச் சாத்திவிட்டுச் சமைக்கப் போனார். மழை விட்டதும் கஞ்சியோடு வந்து திறந்தார். அவருடைய முதுகுக்குப் பின்னால், ஆளில்லாத சமையலறையில் மணி அடித்தது. கட்டிலில் அண்ணை சளி அடைத்து இறந்துகிடந்தார்.

செத்தவீட்டுச் சனம் போனபின் அண்ணி என்னிடம் கேட்டார்.

"தம்பி, உயிர் போனாப் பிறகு அது ஏன் அடிச்சது?"

பதில் கிடைக்கும்வரை அது அனுப்பும் என்றேன்.

"அப்ப அவர் என்னைக் கூப்பிட்டவர்."

"ஓம் அண்ணி."

எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டார் என்று கேட்டார். கருவி நேரத்தைப் பதிந்துவைப்பதில்லை. ஒளி சுவருக்குள்ளால் போகாது என்று வகுப்பில் எத்தனையோ தரம் சொன்னவன், அன்று சாத்தியிருந்த கதவைப் பற்றி அண்ணியிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு அண்ணி அந்தச் சமையலறைக்குப் போகவில்லை. அடுப்பைக் கொண்டுவந்து, கட்டில் கிடந்த அறையிலேயே தனக்கு மட்டும் சமைக்கிறார்.